ஃபாரெக்ஸ் பரிந்துரைகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒருவர் ஃபாரெக்ஸ் (நாணய வர்த்தகம்) ரோபோவையோ (தானாக வர்த்தகம் செய்யும் மென்பொருள்), எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று சொல்லும் சிக்னல் குழுவையோ, புரோக்கரையோ பரிந்துரைக்கிறார் என்றால், நீங்கள் என்ன செய்தால் அவர் கையில் காசு விழும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் பொய் சொல்லியிருப்பார் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம். அஃபிலியேட் கமிஷன், அதாவது ஆள் சேர்த்துவிடுவதற்கான பங்கு, வாங்குவதே குற்றமில்லை. ஆனால் கமிஷன் எதற்குக் கிடைக்கிறதோ அந்தப் பக்கமாகவே அவர் உங்களைத் தள்ளுவார்.

கமிஷன் நான்கு விதமாக வருகிறது.

டெபாசிட்டுக்கு ஒரே தொகை என்பது முதலாவது. நீங்கள் கணக்குத் திறந்து, குறைந்தபட்சத் தொகையைப் போட்டு, சில அஃபிலியேட் ஒப்பந்தங்களில் ஓரிரு லாட் (வர்த்தக அளவின் அலகு) வர்த்தகமும் செய்து முடித்ததும் அஃபிலியேட்டுக்கு ஒரு நிலையான தொகை போய்ச் சேரும். அதற்குப் பிறகு உங்கள் கணக்கு என்ன ஆனாலும் அவருக்குக் கவலையில்லை. இதனால்தான் இத்தகைய பக்கங்களில் அவசரம் அதிகம்: "போனஸ் இன்று இரவோடு முடிகிறது", "கடைசி 17 இடங்கள்".

இரண்டாவது, லாட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. 'அறிமுக புரோக்கர்' என்ற பெயரில் நடப்பது இது. நீங்கள் கொடுக்கும் ஸ்ப்ரெட்டில் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) ஒரு பங்கு அவருக்குப் போகும். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான், ஆனால் அடிக்கடி வர்த்தகம் செய்ய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சிக்னல் வரும் 'இலவச' குழுக்கள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவது வருவாய்ப் பங்கு. சில புரோக்கர்கள் உங்கள் ஆர்டரை வெளியே அனுப்பாமல் தாங்களே எதிர்த்தரப்பாக நிற்பார்கள். அங்கே உங்கள் நஷ்டம்தான் அவர்கள் வருமானம். அந்த வருமானத்தில் சதவீதம் வாங்குபவர், நீங்கள் தோற்கத் தோற்கச் சம்பாதிக்கிறார். நான்கில் மோசமானது இதுதான். வெளியே சொல்லப்படாததும் இதுதான்.

நான்காவது, ரோபோ, இண்டிகேட்டர், வகுப்பு, 'ஃபண்டட் அக்கவுண்ட்' சவால் (வென்றால் நிறுவனத்தின் பணத்தில் வர்த்தகம் செய்யலாம் என்று விற்கப்படும் தேர்வு) போன்றவற்றின் விற்பனை விலையில் பங்கு. டிஜிட்டல் பொருட்களில் 50 முதல் 75 சதவீதம் வரை கமிஷன் சர்வசாதாரணம். அஃபிலியேட்டுகள் வழியே டிஜிட்டல் பொருட்களை விற்கும் கிளிக்பேங்க் சந்தையில் 'கிராவிட்டி' என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் காட்டி "மிகவும் பிரபலமான ரோபோ" என்று எழுதுவார்கள். அந்த எண் அண்மை வாரங்களில் எத்தனை அஃபிலியேட்டுகள் அந்தப் பொருளை விற்றுக் கமிஷன் பெற்றார்கள் என்பதற்கான அளவு. வாங்கியவர்களில் எத்தனை பேர் லாபம் பார்த்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இணைப்பைத் திறக்கும் முன் படியுங்கள்

பட்டனை நீண்ட நேரம் அழுத்தி இணைப்பு முகவரியைக் காப்பி செய்து, ஒரு நோட்ஸ் செயலியில் ஒட்டிப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு ரெஃப், அஃப், பிடேக், கிளிக்ஐடி, சப்ஐடி, பார்ட்னர் போன்ற சொல்லும் ஓர் எண்ணும் இருந்தால் அது கமிஷன் இணைப்பு. முகவரி அந்தத் தளத்துக்குள்ளேயே 'கோ', 'அவுட்', 'விசிட்' என்ற பாதையில் தொடங்கினால், அடையாள எண்ணை மறைத்து வைத்திருக்கிறார்கள். கணினி உலாவியில் டெவலப்பர் டூல்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்' போட்டுவிட்டு இணைப்பை அழுத்தினால், எந்தெந்த முகவரி வழியாகப் போகிறது என்று வரிசையாகத் தெரியும். நடுவில் கமிஷனைக் கண்காணிக்கும் தளம் ஒன்றோ இரண்டோ வரும்.

'ஒப்பீட்டுப் பட்டியல்' பக்கங்களில் எல்லா இணைப்புகளையும் இப்படிப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களுக்குக் கண்காணிப்பு இணைப்பும், 'தவிர்க்க வேண்டியவை' பகுதியில் இருப்பவற்றுக்கு வெறும் பெயரும் இருந்தால், அந்தத் தரவரிசையைப் போட்டது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வகைப் பக்கத்துக்கு "இது மோசடியா?" என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் ஒரு நிறுவனத்தைத் திட்டிவிட்டு, கடைசியில் "எங்கள் முதல் தேர்வு" என்று வேறொன்றின் கமிஷன் இணைப்பு நிற்கும். பயந்து தேடி வருபவர்களைப் பிடிப்பதற்கான வலை அது.

இன்னும் சில சோதனைகள் இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. கவுண்ட்டவுன் கடிகாரம் ஓடினால் அதே பக்கத்தைத் தனிப்பட்ட உலாவல் சாளரத்தில் திறந்து பாருங்கள். கடிகாரம் முதலிலிருந்து தொடங்கினால் சலுகை பொய். சாட்சி சொல்பவரின் படத்தைத் தலைகீழ்ப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை ஐகேன் லுக்அப் காட்டும். "எட்டு வருட அனுபவம்" என்று சொல்லும் தளம் நான்கு மாதத்துக்கு முன் பதிவாகியிருப்பது வழக்கம். வேபேக் மெஷினில் பழைய பிரதிகள் கிடைத்தால், முன்பு இதே பக்கத்தில் எந்த ரோபோ 'முதலிடம்' பிடித்திருந்தது என்று பாருங்கள். பெயர் மட்டும் மாறி, வாசகம் அப்படியே இருக்கும்.

லைசென்ஸ் யாருடையது, கணக்கு யாரிடம்

புரோக்கர் பரிந்துரைகளில் அதிகம் நடக்கும் ஏமாற்று வேலை, ஒரே வணிகப் பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வது. பக்கத்தில் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.யின் முத்திரை இருக்கும். பட்டனை அழுத்தினால் ஏதோ ஒரு தீவில் பதிவான துணை நிறுவனத்தில் கணக்குத் திறக்கும். பணம் போனால் எஃப்.சி.ஏ. விதிகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

இதைப் பிடிக்க எளிய அளவுகோல் லெவரேஜ், அதாவது உங்கள் பணத்தைப் போல் எத்தனை மடங்குக்கு வர்த்தகம் செய்யலாம் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018 ஆகஸ்ட் முதல் சில்லறை (சாதாரணத் தனிநபர்) வாடிக்கையாளர்களுக்கு முக்கிய நாணய ஜோடிகளில் 1:30 என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. மற்ற ஜோடிகளுக்கு 1:20. பிரிட்டன் 2019-லும் ஆஸ்திரேலியா 2021-லும் அதே 1:30-ஐத் தங்கள் விதியாக்கின. அமெரிக்காவில் முக்கிய ஜோடிகளுக்கு 1:50, ஜப்பானில் 1:25. ஆக, "எஃப்.சி.ஏ. கண்காணிப்பில், 1:500 லெவரேஜ்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அதில் ஒரு பாதி பொய். டெபாசிட் போனஸும் இப்படியே. ஐரோப்பிய, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விதிகள் சில்லறை வாடிக்கையாளருக்கு இத்தகைய ஊக்கத்தொகை கொடுப்பதைத் தடுக்கின்றன. "100 சதவீத போனஸ்" கிடைக்கிறது என்றால் உங்கள் கணக்கு அந்த விதிகளுக்கு வெளியே இருக்கிறது.

சில அஃபிலியேட்டுகள் வேறு வழி சொல்லித் தருவார்கள்: "புரொஃபஷனல் கிளையண்ட் என்று விண்ணப்பியுங்கள், லெவரேஜ் கூடும்." ஐரோப்பிய விதிப்படி அதற்கு மூன்று நிபந்தனைகளில் இரண்டு பொருந்த வேண்டும்: கடந்த நான்கு காலாண்டுகளில் காலாண்டுக்குச் சராசரி 10 பெரிய பரிவர்த்தனைகள்; 5,00,000 யூரோவுக்கு மேல் முதலீடு; நிதித்துறையில் அது சார்ந்த வேலையில் குறைந்தது ஓராண்டு. பொய் சொல்லி நுழைந்தால், போட்ட பணத்துக்கு மேல் கடனாகாமல் காக்கும் பாதுகாப்பைச் சில்லறை வாடிக்கையாளருக்கு உள்ள உரிமையாகக் கேட்க முடியாது.

சரிபார்க்கும் வரிசை இதுதான். கணக்குத் திறக்கும் படிவம் வரை போங்கள், ஆனால் விவரம் எதையும் நிரப்பாதீர்கள். பக்கத்தின் அடியிலும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலும் இருக்கும் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டை நீங்களே முகவரி அடித்துத் திறந்து, அந்தப் பெயரையும் உரிம எண்ணையும் தேடுங்கள். அவர்கள் தரும் இணைப்பு வழியாகப் போகக் கூடாது. பெயர், எண், பதிவேட்டில் உள்ள இணையதள முகவரி மூன்றும் பொருந்த வேண்டும். எண் சரியாக இருந்து முகவரி மட்டும் வேறாக இருந்தால், உண்மையான நிறுவனத்தின் அடையாளத்தைத் திருடிய போலி அது. செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடைன்ஸில் 'பதிவு செய்யப்பட்டது' என்ற வரியைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். ஃபாரெக்ஸ் வர்த்தகத்துக்குத் தாங்கள் உரிமம் கொடுப்பதில்லை என்று அந்நாட்டு நிதிச் சேவை ஆணையமே அறிவித்திருக்கிறது. கம்பெனிப் பதிவு வேறு, உரிமம் வேறு.

கூடவே எச்சரிக்கைப் பட்டியல்களையும் பார்த்துவிடுங்கள்: எஃப்.சி.ஏ.யின் வார்னிங் லிஸ்ட், அமெரிக்க சி.எஃப்.டி.சி.யின் ரெட் லிஸ்ட், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல், இந்திய ரிசர்வ் வங்கியின் அலர்ட் லிஸ்ட். பட்டியலில் பெயர் இருந்தால் விலகிவிடலாம். இல்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை; நேற்றுப் பிறந்த பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

லாபக் கணக்கைச் சோதிப்பது

ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பே இல்லை. மெட்டாடிரேடர் என்ற வர்த்தக மென்பொருள் தரும் அறிக்கை ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றிச் சேமிக்க ஒரு நிமிடம் போதும். உண்மையான படமாகவே இருந்தாலும் அது டெமோ கணக்காக இருக்கலாம். சர்வர் பெயரில் 'டெமோ' என்று வரும் என்பதால்தான் மேல்பட்டையை வெட்டிவிட்டுப் படம் போடுகிறார்கள். சென்ட் கணக்கு இன்னொரு வித்தை. அதில் 10,000 என்று தெரிவது 100 டாலர்தான். நாணயக் குறியீடு யு.எஸ்.டி.யா (டாலர்) யு.எஸ்.சி.யா (சென்ட்) என்று பாருங்கள்.

வர்த்தகக் கணக்குகளைக் கண்காணித்துக் காட்டும் மைஎஃப்எக்ஸ்புக் போன்ற தளத்தில் இணைத்த கணக்கைக் காட்டினால் ஒரு படி மேல். அங்கே பார்க்க வேண்டியவை: கணக்கு ரியலா டெமோவா; 'டிராக் ரெக்கார்ட்', 'டிரேடிங் பிரிவிலேஜஸ்' இரண்டும் வெரிஃபைட் என்று இருக்கிறதா; திறந்திருக்கும் வர்த்தகங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றனவா. அதன்பின் 'கெயின்' என்ற எண்ணையும் (இடையில் எவ்வளவு பணம் போட்டார் என்பதைப் பார்க்காத சதவீத வளர்ச்சி) 'ஆப்சல்யூட் கெயின்' என்ற எண்ணையும் (போட்ட மொத்தப் பணத்தோடு ஒப்பிட்ட லாபம்) ஒப்பிடுங்கள். 100 டாலரை 400 ஆக்கிய பிறகு 10,000 டாலர் போட்டு அதில் 10 சதவீதம் இழந்தவரின் 'கெயின்' 260 சதவீத லாபம் என்று காட்டும். கையில் பார்த்தால் 300 சம்பாதித்து 1,040 தொலைத்திருக்கிறார். போட்ட பணத்தில் 7 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். விளம்பரத்தில் எந்த எண் போகும் என்பது தெரிந்ததே.

பேலன்ஸ் கோட்டையும் (மூடிய வர்த்தகங்களின் கணக்கு மட்டும்) ஈக்விட்டி கோட்டையும் (திறந்திருப்பவற்றையும் சேர்த்தது) ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பேலன்ஸ் கோடு அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக ஏறி, ஈக்விட்டி கோடு அடிக்கடி கீழே தொங்கினால், அது மார்ட்டிங்கேல் அல்லது கிரிட் ரோபோ. நஷ்டத்தில் உள்ள வர்த்தகத்தை மூடாமல், அடுத்ததை (மார்ட்டிங்கேலில் இரட்டிப்பு அளவில்) திறந்துகொண்டே போகும். 0.01 லாட்டில் தொடங்கி விலை எதிராக நகரும் ஒவ்வொரு 20 பிப்புக்கும் (பிப் என்பது விலை நகர்வின் சிறு அலகு) இரட்டித்தால் எட்டாவது வர்த்தகம் 1.28 லாட், மொத்தம் 2.55 லாட். முக்கிய டாலர் ஜோடி ஒன்றில் ஒரு லாட்டுக்கு ஒரு பிப் 10 டாலர் என்று வைத்தால், எட்டாவது திறக்கும்போதே 494 டாலர் நஷ்டம் தொங்கிக்கொண்டிருக்கும். விலை இன்னும் 20 பிப் அதே திசையில் போனால் மேலும் 510. ஆக மொத்தம் 160 பிப் ஒரே பக்கம் நகர்ந்தால் 1,000 டாலர் கணக்கு காலி. ஒரு பெரிய பொருளாதாரச் செய்தி வரும் நாளில் இது நடக்கக்கூடியதே. அதுவரை மாதக்கணக்கில் "ஒரு நஷ்டம்கூட இல்லை" என்று படம் போடலாம். பொய்யும் இல்லை!

"90 சதவீத வெற்றி" என்பதையும் இப்படியே உடைக்கலாம். பத்தில் ஒன்பது முறை 10 பிப் ஜெயித்து, ஒரு முறை 120 பிப் தோற்றால் நிகரம் 30 பிப் நஷ்டம். வெற்றி விகிதத்தோடு சராசரி லாபமும் சராசரி நஷ்டமும் தராதவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

"தினம் 1 சதவீதம் நிச்சயம்" என்றால் கால்குலேட்டரை எடுங்கள். ஆண்டுக்கு 250 வர்த்தக நாள் என்று வைத்தால் பணம் ஓராண்டில் 12 மடங்கு. மூன்றாண்டில் 1,000 டாலர் 17 லட்சம் டாலரைத் தாண்டும். அப்படி ஒரு ரோபோ வைத்திருப்பவர் அதை 97 டாலருக்கு ஏன் விற்கிறார்?

ரோபோவைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் அறிக்கை ரோபோ விற்பனையின் முதுகெலும்பு. பழைய விலைகளுக்கு ஏற்றபடி அமைப்புகளைத் திருகித் திருகி அழகான கோட்டை வரவைப்பது எளிது. கேட்க வேண்டியவை: ஸ்ப்ரெட் நிலையானதா மாறுவதா, புரோக்கர் கமிஷனும் ஸ்வாப்பும் (வர்த்தகத்தை இரவு தாண்டி வைத்திருப்பதற்கான கட்டணம்) சேர்த்ததா, அமைப்புகளை முடிவு செய்த தேதிக்குப் பிறகான நேரடிக் கணக்கு எத்தனை மாதம். 5 பிப் இலக்கு வைக்கும் ரோபோவுக்கு 1 பிப் கூடுதல் ஸ்ப்ரெட் போதும், லாபம் மறைய. வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் டெமோ கணக்கிலேயே ஓட விடுங்கள். மெட்டாடிரேடரில் ரோபோ வெளி நிரல்களை இயக்க விடும் டி.எல்.எல். அனுமதியை அணைத்தே வையுங்கள்.

இதோடு செலவுக் கணக்கும் ஒன்று. 500 டாலர் கணக்கில், சிக்னல் குழுவைப் பின்பற்றி நாளுக்கு 10 வர்த்தகம், ஒவ்வொன்றும் 0.1 லாட், மாதம் 20 நாள்: மொத்தம் 20 லாட். ஸ்ப்ரெட் 1.5 பிப் என்றால் லாட்டுக்கு 15 டாலர். மாதம் 300 டாலர். லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்கவே மாதம் 60 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அறிமுகப்படுத்தியவருக்கு லாட்டுக்கு 5 டாலர் பங்கு இருந்தால், உங்கள் 500-இலிருந்து மாதம் 100 அவருக்குப் போகிறது.

டெலிகிராம் குழுக்கள்

பொதுச் சேனலில் ஒரு செய்தியின் இணைப்பைக் காப்பி செய்தால் கடைசியில் ஓர் எண் இருக்கும். எண்கள் வரிசையாக ஏறும். அழித்த செய்தியின் எண் திரும்ப வராது. எனவே ஒரு வாரச் செய்திகளின் எண்களை எடுத்து, இடையில் எவ்வளவு காணவில்லை என்று பாருங்கள். பட ஆல்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் சிறு இடைவெளி இயல்பு. சிக்னல் வந்து, விலை எதிராகப் போன நாட்களில் மட்டும் ஓட்டை விழுந்தால் தோற்றவை அழிக்கப்பட்டிருக்கின்றன. 'எடிட்டட்' என்ற குறியையும் கவனியுங்கள். ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் விலை) எண்ணைப் பிறகு மாற்றுவது பழைய வேலை. சேனலில் சேர்ந்த அன்றே டெலிகிராம் டெஸ்க்டாப்பில் வரலாற்றை ஏற்றுமதி செய்து வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

தனித்தனிக் குழுக்களில் எதிரெதிர் சிக்னல் அனுப்புவதும் உண்டு. 1,600 பேரில் பாதிக்கு 'வாங்கு', பாதிக்கு 'விற்பனை செய்'. சரியாக அமைந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பிரித்தால், ஐந்து சுற்றுக்குப் பிறகு 50 பேர் தொடர்ந்து ஐந்து சரியான சிக்னலைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் 'வி.ஐ.பி.' அழைப்பு வரும்.

பரிந்துரைப்பவர் நீங்களே என்றால்

கமிஷன் வாங்குவதை இணைப்புக்கு மேலேயே, அதே எழுத்து அளவில் சொல்லுங்கள். பக்க அடியில் 'மறுப்பு' என்ற இணைப்புக்குள் வைப்பது வெளிப்படுத்தல் ஆகாது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. கேட்பதும் தெளிவாகக் கண்ணில் படும் அறிவிப்பைத்தான். ஐரோப்பிய, பிரிட்டிஷ் புரோக்கர்கள் தங்கள் சில்லறைக் கணக்குகளில் எத்தனை சதவீதம் நஷ்டம் அடைகின்றன என்பதைக் காட்டியே ஆக வேண்டும். 2018-இல் எஸ்மா சொன்ன வரம்பு 74 முதல் 89 சதவீதம். அந்த வரியை வெட்டிவிட்டு பேனரைப் போடாதீர்கள். பிரிட்டனில், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நிதி முதலீட்டுக்கு விளம்பரம் செய்வது இரண்டாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். 2024 மே மாதம் எஃப்.சி.ஏ., அங்கீகாரமற்ற ஃபாரெக்ஸ் திட்டம் ஒன்று தொடர்பாகச் சமூக ஊடகப் பிரபலங்கள் உட்பட ஒன்பது பேர் மீது வழக்குத் தொடுத்தது.

பணம் கட்டியாயிற்று என்றால்

முதலில் ஆதாரம். விளம்பரப் பக்கத்தை முழு முகவரியும் தேதியும் தெரியும்படி படமெடுங்கள். வேபேக் மெஷினில் சேமிக்கவும் செய்யுங்கள், ஏனெனில் புகார் போனதும் பக்கம் மாறிவிடும். ரசீது, அரட்டை, கிரிப்டோவில் அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை ஹாஷ், எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள்.

ரோபோ, வகுப்பு போன்றவற்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது விற்றவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ரசீதில் உள்ள சந்தைத் தளத்திடமும் கேளுங்கள். "இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்வதே பணம் திருப்பிக் கேட்கும் கெடு முடியட்டும் என்பதற்காக. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் வரை அவகாசம், உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். "மோசடி" என்று பொதுவாக எழுதாமல், "இன்ன வாக்குறுதி, கொடுத்தது இது" என்று எழுதினால் கேட்பார்கள்.

புரோக்கரிடம் பணம் இருந்தால் முழுத் தொகையையும் எடுக்க விண்ணப்பியுங்கள். சிறு தொகை வந்ததை வைத்து நம்பிவிடக் கூடாது. பெரிய டெபாசிட்டுக்குத் தூண்டில் போடவே அதை உடனே கொடுப்பார்கள். போனஸ் வாங்கியிருந்தால் அதன் நிபந்தனையில் எத்தனை லாட் முடிக்க வேண்டும் என்று இருக்கும்; அதை முடிக்க முயன்றால்தான் மீதிப் பணமும் போகும், எனவே போனஸை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். "வரி கட்டினால்தான் எடுக்க முடியும்" என்று புதிதாகப் பணம் கேட்டால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். எனிடெஸ்க் போன்ற தொலைநிலைச் செயலியை நிறுவச் சொல்லியிருந்தால் நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

சில வாரம் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று அழைப்பு வரும். உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், ஏனெனில் ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. முன்பணம் கேட்டதும் எண்ணைத் தடுத்துவிட்டு, அந்த அழைப்பின் விவரத்தையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.